மோட்டாரைப் பிரித்துப் படித்த மேதை: ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கைக் கதை

சென்னைப் பட்டணத்தின் வடக்கே போனால் எங்கு பார்த்தாலும் லாரிதான். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மணலி, சடையங்குப்பம் என்று ஊர்ப் பெயர் மாறும். லாரியின் உறுமல் மட்டும் மாறாது. துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டி ஏற்றிச் செல்லும் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அந்த லாரிகளை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் பிழைக்கின்றன.

லாரி ஓடினால் அடுப்பு எரியும். லாரி படுத்தால் அடுப்பும் படுக்கும்.

புது லாரிக்குக் கவலை இல்லை. பழைய லாரிதான் பாடாய்ப் படுத்தும். ஒரு பக்கம் இழுக்கும். ஸ்டியரிங் நிற்காமல் அலையும். வேகம் எடுத்தால் உடம்பெல்லாம் நடுங்கும். கிளட்சை விட்டதும் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம் வரும். என்ன கோளாறு என்று தெரியாமல் ஒவ்வொரு சாமானாக மாற்றுவார்கள். பணம் கரையும். கோளாறு போகாது.

கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒரு கலை. அந்தக் கலையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காமல், தன் கையாலேயே கற்றுக்கொண்ட ஒரு தமிழர் இருந்தார். ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு அவர் தம் படிப்பைத் தொடங்கினார். பிறகு பஸ் முதலாளி ஆனார். மின்சார மோட்டார் செய்தார். கார் செய்தார். கல்லூரி கண்டார். அவர்தான் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு.

பள்ளிக்குப் பிடிக்காத பிள்ளை

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். 1893-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந் தேதி அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் துரைசாமி பிறந்தார். தகப்பனார் பெயர் கோபாலசாமி நாயுடு. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தும், தம் பெயரின் முதல் எழுத்தும் சேர்ந்து அவர் ஜி. டி. நாயுடு ஆனார்.

சிறு வயதில் துரைசாமிக்குப் படிப்பு என்றால் வேப்பங்காய். வாத்தியார் பாடம் நடத்தினால் இவர் மண்ணை அள்ளி வீசுவார். அடி விழும். மறுநாளும் அதே கதை. கடைசியில் மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பிள்ளை உருப்படாது என்று ஊர் முடிவு கட்டியது.

ஆனால் பள்ளியை விட்டாரே தவிர, படிப்பை அவர் விடவில்லை. தோட்ட வேலை செய்துகொண்டே தமிழ்ப் புத்தகங்களைத் தேடிப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், உலகமே பள்ளிக்கூடம் என்பதை அவர் சின்ன வயதிலேயே கண்டுகொண்டார்.

துரையின் வண்டி

ஒரு நாள் ஊர்ப் பக்கமாக ஒரு வெள்ளைக்கார துரை வந்தார். அவர் பெயர் லங்காஷயர். ரெவின்யூ இலாகாவில் அதிகாரி. அவர் வந்தது குதிரையிலும் அல்ல, மாட்டு வண்டியிலும் அல்ல. ரட்ஜ் என்ற கம்பெனியின் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி தானாக ஓடுகிறது! துரைசாமி வாயைப் பிளந்து பார்த்தார். மற்றவர்களும்தான் பார்த்தார்கள். அவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். துரைசாமிக்கு மட்டும் தூக்கம் போயிற்று. இது எப்படி ஓடுகிறது? உள்ளே என்ன இருக்கிறது? இதே நினைப்பு.

அந்த வண்டியை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று தீர்மானித்தார். கையில் காசு இல்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வர் வேலையில் சேர்ந்தார். இலை போட்டார், பரிமாறினார், தண்ணீர் எடுத்து வைத்தார். வந்த சம்பளத்தைச் செலவு செய்யாமல் சேர்த்தார். பணம் சேர்ந்ததும் நேரே துரையிடம் போய் 300 ரூபாய் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியவர் என்ன செய்தார் தெரியுமா? ஏறி ஊர் சுற்றவில்லை. முழு வண்டியையும் பிரித்துப் போட்டார்!

ஆணி வேறு, சங்கிலி வேறு, சக்கரம் வேறு என்று பிரித்தார். ஒவ்வொரு உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று பார்த்தார். பிறகு திரும்பவும் மாட்டினார். பிரிப்பதும் மாட்டுவதுமாக மோட்டாரின் சூட்சுமம் அவருக்குப் பிடிபட்டது. அதற்குப் பிறகு மெக்கானிக் வேலை அவருக்குக் கைவந்த கலை ஆகிவிட்டது.

ஏறினார், இறங்கினார்

துரைசாமியின் வாழ்க்கை நேராக மேலே போன ஏணி அல்ல. முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். நல்ல லாபம் வந்தது. அந்தத் துணிச்சலில் பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் வியாபாரம் செய்தார். போட்ட பணம் போயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

வேறொருவராக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாயுடு அப்படி உட்காரவில்லை. பணம் போனால் என்ன, மோட்டார் வித்தை கையில் இருக்கிறதே என்று நினைத்தார்.

அப்போது கோயம்புத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். நாயுடுவின் திறமையை அவர் எடை போட்டுப் பார்த்தவர். அவர் கை கொடுத்தார். 1920-ம் ஆண்டு நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே விட்டார். முதலாளியும் அவரே. டிரைவரும் அவரே.

அந்தக் காலத்துச் சாலையை இன்றைய பிள்ளைகள் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியாது. தார் இல்லை. மண்ணும் கல்லும்தான். மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் புழுதி. மாட்டு வண்டிச் சக்கரம் போன தடம் பள்ளமாகக் கிடக்கும். அதில் பஸ் ஓட வேண்டும். நடுவழியில் பஸ் நின்றுவிட்டால் பக்கத்தில் பட்டறை கிடையாது. சாமான் வாங்கக் கடை கிடையாது. டிரைவரேதான் மெக்கானிக்.

அந்தச் சாலைதான் நாயுடுவுக்குப் பெரிய கல்லூரி. ஒரு பஸ் பல பஸ் ஆயிற்று. யு. எம். எஸ். என்ற பெயரில் அவருடைய பஸ்கள் கொங்கு நாடெங்கும் ஓடின. நாட்டிலேயே சிறப்பாக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. எஞ்சினில் ஏற்படும் அதிர்வைச் சோதித்து அறிய ஒரு கருவியையே அவர் செய்தார்.

அதிர்வை அறிய எதற்குக் கருவி என்று கேட்கலாம். டாக்டர் நாடி பிடித்துப் பார்க்கிறார் அல்லவா? வண்டிக்கு நாடி அதன் அதிர்வுதான். எந்த உறுப்பு தேய்ந்தாலும், எது தளர்ந்தாலும், முதலில் அது அதிர்வாகத்தான் வெளியே வரும். அதைக் காதால் கேட்டு, கையால் தொட்டு அறிபவனே நல்ல மெக்கானிக்.

உயர்த்திக் கட்டிய லாரி

நாயுடு மோட்டார் சைக்கிளில் கையாண்ட வழி, இன்றைய பழைய லாரிக்கும் பொருந்தும். முதலில் பார். பிறகு பிரி. ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரிந்துகொள். காரணம் தெரிந்த பிறகே சாமானை மாற்று. இதுதான் அவர் வாழ்க்கை காட்டும் வழி.

ஒரு உதாரணம் பார்க்கலாம். எண்ணூரில் 1948-ம் ஆண்டு ரகுநந்தன் சரண் என்பவர் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அந்தத் தொழிற்சாலையில் பிறந்த லாரிகள் நாடு முழுவதும் ஓடுகின்றன. பல வருஷம் உழைத்த லாரி ஒன்று கைமாறுகிறது. வாங்கியவர், பாரம் தாங்கட்டும், பள்ளத்தில் அடி தட்டாமல் இருக்கட்டும் என்று நினைக்கிறார். பட்டறையில் விட்டு, கூடுதலாகப் பட்டை வைத்து, கட்டை கொடுத்து லாரியை உயர்த்திக் கட்டுகிறார்.

லாரி கம்பீரமாக நிற்கிறது. ஆனால் ஓட்டினால் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. ஏன்?

கம்பெனிக்காரன் லாரியைச் செய்யும்போது ஒவ்வொரு உறுப்பும் இந்தக் கோணத்தில்தான் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். உயரத்தை மாற்றினால் அந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். உயர்த்தியது ஓர் இடம், வலிப்பது நாலு இடம்.

ஸ்டியரிங் ஏன் அலைகிறது?

சைக்கிளின் முன் போர்க்கைப் பாருங்கள். அது செங்குத்தாக இருக்காது. மேல் முனை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருப்பதால்தான் சைக்கிள் நேராகப் போகிறது. கையை விட்டால்கூடச் சிறிது தூரம் ஒழுங்காக ஓடுகிறது.

லாரியின் முன் சக்கரம் திரும்புவது கிங் பின் என்ற இரும்பு அச்சில். அதற்கும் அதே போலச் சாய்வு உண்டு. லாரியின் பின்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் என்ன ஆகும்? லாரி மூக்கைக் குனிந்து நிற்கும். கிங் பின்னின் சாய்வு குறைந்துவிடும். அப்புறம் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. சாலையில் வண்டி அலையும். டிரைவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு ஸ்டியரிங் பெட்டியை மாற்றிப் பயன் இல்லை. சாய்வைத்தான் சரி செய்ய வேண்டும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு மாதிரி சரிந்த தகடு கொடுத்து அதைச் சரி செய்வார்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகும் நீளமான கம்பிக்கு டிராக் லிங்க் என்று பெயர். அது ஏறக்குறைய படுக்கை வாட்டத்தில் இருக்க வேண்டும். முன்பக்கத்தை உயர்த்தினால் அந்தக் கம்பி செங்குத்தாகச் சரியும். அப்போது சக்கரம் மேட்டில் ஏறினாலே கம்பி சக்கரத்தைத் தள்ளும், அல்லது இழுக்கும். டிரைவர் திருப்பாமலே வண்டி திரும்பும். இரவு நேரத்தில், பாரம் ஏற்றிய வண்டியில், எதிரே பஸ் வரும்போது இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோணம் எல்லாம் சரியாக இருந்தும் அலைகிறதா? அப்படியானால் தேய்மானத்தைத் தேட வேண்டும். இதற்கு இரண்டு பேர் போதும். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிறிது ஆட்ட வேண்டும். மற்றவர் கீழே நின்று, ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் இருக்கிறதோ, கள்ளன் அங்கேதான் இருக்கிறான்.

அடுத்தது முன் சக்கரம். பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, அச்சின் அடியில் உறுதியான முட்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. பட்டறைகளில் உயிர் போவது இப்படித்தான். முட்டு கொடுத்த பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு சக்கர பேரிங்கில். ஆட்டம் நிற்காவிட்டால் கோளாறு கிங் பின்னில். காலணாச் செலவு இல்லாத சோதனை இது!

நடுக்கமும் சத்தமும்

கியர் பெட்டியின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டு போவது நீண்ட குழாய் போன்ற புரொப்பல்லர் ஷாப்ட். அதன் இரண்டு முனையிலும் கிராஸ் ஜாயிண்ட் இருக்கிறது. ஷாப்ட் சாய்வாகச் சுற்ற உதவுவது அதுதான்.

இந்த கிராஸுக்கு ஒரு குணம் உண்டு. சாய்வாகச் சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். அப்படியானால் வண்டி எப்படி நடுங்காமல் ஓடுகிறது? முன் கிராஸ் செய்யும் தப்பைப் பின் கிராஸ் சரிக்கட்டுகிறது. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரண்டு முனையிலும் சாய்வு சமமாக இருக்க வேண்டும். ஷாப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேரில் இருக்க வேண்டும்.

பின்பக்கத்தை உயர்த்தும்போது ஷாப்டின் சாய்வு அதிகமாகிறது. கட்டை கோணலாக அமைந்தால் பின் அச்சின் மூக்கும் திரும்பிவிடுகிறது. இரண்டு முனைச் சாய்வும் சமமாக இல்லாமல் போகிறது. வண்டி நடுங்கத் தொடங்குகிறது. கிராஸும் சீக்கிரம் தேய்கிறது. புது கிராஸ் போட்டாலும் சில மாதத்தில் மீண்டும் அதே கதை.

சில சமயம் கோளாறு இன்னும் எளிமையானது. ஷாப்டைக் கழற்றிய பையன், திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டியிருப்பான். கவைகள் நேரில் நிற்காது. நேற்று வரை நடுங்காத வண்டி இன்று நடுங்கும். அதனால்தான் விவரம் தெரிந்த மெக்கானிக், கழற்றும் முன்பே இரண்டு பக்கமும் சுண்ணாம்பாலோ உளியாலோ அடையாளம் போட்டுவிடுகிறான்.

நடுக்கம் எஞ்சினிலா, ஷாப்டிலா? வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை மட்டும் வேகமாக ஓட விட வேண்டும். அப்போதும் நடுங்கினால் எஞ்சின் பக்கம் தேட வேண்டும். நின்றபோது நடுங்காமல், சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கினால் ஷாப்ட், சக்கரம், டயர் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

கிளட்சை விட்டதும் 'டங்' என்று கேட்டால் கிராஸ் தேய்ந்திருக்கலாம். ஷாப்டின் பற்கள் தேய்ந்திருக்கலாம். பின் அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பற்களுக்கு நடுவே இடைவெளி கூடியிருக்கலாம். ஆனால் இவற்றை எல்லாம் பிரிப்பதற்கு முன் பட்டையை அச்சோடு இறுக்கும் யு போல்ட்டைப் பார்க்க வேண்டும். உயர்த்திக் கட்டிய லாரியில் அது தளர்ந்தால் அச்சே நகரும். சத்தம் வரும். ஒரு ஸ்பானரில் தீரும் கோளாறுக்குப் பின் அச்சு முழுவதையும் பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

எளிய காரணத்தை முதலில் பார்ப்பது, ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியபின் ஓட்டிப் பார்ப்பது. இந்த மூன்றும் தெரிந்தவன் கையில் பழைய லாரியும் புது லாரி ஆகும்.

மோட்டாரிலிருந்து மோட்டாருக்கு

இனி நாயுடுவின் கதைக்கு வருவோம். பஸ் தொழிலில் பணம் சேர்ந்தது. பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்க அவருக்குத் தெரியாது. மீண்டும் மீண்டும் புதுப் பொருள் செய்வதிலேயே போட்டார்.

1937-ம் ஆண்டு டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்சார மோட்டார் செய்தார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் என்று அது பெயர் பெற்றது. அதுவரை மோட்டார் வேண்டும் என்றால் சீமையிலிருந்து வர வேண்டும். இன்று கோவை மோட்டாரும் பம்பு செட்டும் இல்லாத கிணற்றைக் காண்பது அரிது. அந்தப் பெரிய தொழிலுக்கு விதை ஊன்றியவர்களில் நாயுடு ஒருவர்.

மேல்நாட்டுப் பயணமும் போனார். பேட்டரியில் ஓடும் முகச் சவரக் கருவி ஒன்றை அமைத்தார். ரேசண்ட் என்று அதற்குப் பெயர். அது ஜெர்மனியில் ஹைல்பிரான் என்ற ஊரில் தயாரானது. ஜெர்மனி என்றால் இயந்திரத்துக்குத் தாய் வீடு. அங்கேயே ஒரு தமிழரின் கருவி தயாரானது என்றால் சும்மாவா? 1936-ம் ஆண்டு லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கையாலேயே சினிமாப் படம் பிடித்தார்.

பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அவர் செய்த பொருள்களின் பட்டியல் நீளும். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். காலை 6 மணிக்கு அஸ்திவாரம் தோண்டத் தொடங்கி, மாலை 5 மணிக்குள் ஒரு வீட்டையே கட்டி முடித்துக் காட்டினார். தோட்டத்தில் பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றில் புது ரகம் கண்டார். சர் சி. வி. ராமன், விசுவேசுவரய்யா போன்ற மேதைகள் அவருடைய தோட்டத்தைத் தேடி வந்து பார்த்தார்கள்.

கல்லூரி கண்டவர்

மூன்றாம் வகுப்போடு நின்றவர் கல்லூரி வைத்தார் என்றால் நம்ப முடிகிறதா? அதுவும் நடந்தது. 1945-ம் ஆண்டு கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்றுவதற்கு நாயுடு காரணமாக இருந்தார். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயர் அவற்றுக்கு வைக்கப்பட்டது. நாயுடுவே முதல்வராகவும் இருந்தார். அந்தக் கல்லூரிதான் பிற்காலத்தில் கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று.

இங்கேதான் அவருக்கும் சர்க்காருக்கும் முட்டியது. தொழிற் படிப்புக்கு நாலு வருஷம் எதற்கு என்பது நாயுடுவின் கேள்வி. கையில் ஸ்பானரைக் கொடுத்து, இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினால் பாதிக் காலத்தில் கற்றுக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தார். வெள்ளைக்கார சர்க்கார் சம்மதிக்கவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார்.

யார் சொன்னது சரி? பாலம் கட்டுகிறவனுக்குக் கணக்கும் வேண்டும், காலமும் வேண்டும் என்று சர்க்கார் பக்கத்திலும் நியாயம் உண்டு. கையில் எண்ணெய்க் கறை படாத படிப்பு அரைப் படிப்பு என்று நாயுடு பக்கத்திலும் நியாயம் உண்டு. பட்டறைப் பழக்கமும் புத்தகப் பாடமும் சேர வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை.

ஓடாமல் நின்ற கார்

நாயுடுவின் வாழ்க்கையில் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. நடுத்தரக் குடும்பமும் கார் வாங்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். 1952-ம் ஆண்டு இரண்டு பேர் உட்காரும் சின்னக் கார் ஒன்று வெளிவந்தது. பெட்ரோலில் ஓடும். விலை 2,000 ரூபாய்தான்!

அந்த நாளில் எந்தத் தொழில் தொடங்குவதானாலும் சர்க்கார் லைசென்ஸ் வேண்டும். நாயுடுவின் காருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் உற்பத்தி நின்றது. நாலு சக்கரத்தில் குறை இல்லை. ஸ்டியரிங்கில் குறை இல்லை. ஒரு காகிதம் இல்லாமல் வண்டி நின்றுவிட்டது.

எந்த வண்டியில் கோளாறு வந்தாலும் கண்டுபிடித்துச் சரி செய்யத் தெரிந்தவர் அவர். இந்தக் கோளாறை மட்டும் அவரால் சரி செய்ய முடியவில்லை. சர்க்காரின் வரிக் கொள்கை மீதும் அவருக்குக் கோபம் இருந்தது. தாம் அரும்பாடுபட்டுச் செய்த பொருள்களைப் பலர் முன்னிலையில் உடைத்துக் காட்டித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தார். பெற்ற பிள்ளையைத் தானே அடிக்கும் தகப்பனின் வேதனை அது. உடைத்தது சரியா என்று அன்றே பலர் கேட்டார்கள். அவர் மனம் எவ்வளவு புண்பட்டிருந்தது என்பதற்கு அது அடையாளம்.

அதற்காக அவர் மூலையில் முடங்கவில்லை. தொழில் கண்காட்சி அமைத்தார். இளைஞர்களுக்குத் தொழில் பழக்கினார். 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி, 80-வது வயதில் கண்ணை மூடினார்.

இன்றும் ஓடுகிறது

நாயுடு மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கோவை அவினாசி சாலையில் அவருடைய பொருட்காட்சி இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்கள். அதே அவினாசி சாலையில் 10 கிலோ மீட்டருக்கு மேல் நீளமுள்ள மேம்பாலம் 2025-ம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு ஜி. டி. நாயுடு மேம்பாலம் என்று பெயர். ஒரு பழைய பஸ்ஸை மண் சாலையில் ஓட்டியவர் பெயரில், இன்று வானத்தில் பாலம் நிற்கிறது.

வட சென்னையின் லாரிப் பட்டறைகளில் எத்தனையோ பையன்கள் வேலை பழகுகிறார்கள். பள்ளியை நடுவில் விட்டவர்கள் அவர்களில் பலர். சின்ன வயதில் அவர்களையும் உருப்படாத பிள்ளை என்று ஊர் சொல்லியிருக்கும். அவர்களுக்கு நாயுடுவின் வாழ்க்கை இரண்டு பாடம் சொல்கிறது.

ஒன்று, பள்ளியை விட்டதால் வாழ்க்கை முடிந்துவிடாது. மற்றது, பள்ளியை விட்டாலும் படிப்பை விடக்கூடாது. கழற்றியதை எல்லாம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே மாட்ட வேண்டும். கிடைத்த புத்தகத்தைப் படிக்க வேண்டும். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும்.

ஏன் என்று கேட்காமல் சாமானை மாற்றுகிறவன் என்றும் கூலிக்காரன். ஏன் என்று கேட்கிறவன் ஒரு நாள் மேதை ஆவான். ஓட்டலில் இலை போட்ட துரைசாமி ஜி. டி. நாயுடு ஆனது அந்த ஒரு கேள்வியால்தான்!